ராகு காலத்தில் ஏறும் தண்ணீர்

ஜூலை 21, ஞாயிறு

வந்து சேர்ந்தேன். புதுச்சேரியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து பாரீஸ், அங்கிருந்து ரயில், ரயிலடியிலிருந்து வேலவனுடைய ஓட்டை வேன். முப்பத்தோரு மணி நேரம். கால் இரண்டும் பூசணிக்காயாக வீங்கிவிட்டன.

மின்துறையில் முப்பத்து நான்கு வருஷம் தினமும் பதிவேடு எழுதிய கை. ஓய்வு பெற்றும் பழக்கம் போகவில்லை. தேதி போட்டு நாலு வரி எழுதினால்தான் அன்றைய நாள் முடிந்த மாதிரி இருக்கும்.

ஊரின் பெயர் மெஷே. ஜிரோந்த் என்கிற ஆறு கடலில் கலக்கிற இடம். பிள்ளையை ஏழு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். தாடி வைத்திருக்கிறான், வெயிலில் கருத்திருக்கிறான். இன்ஜினியரிங் படிக்க வைத்து அனுப்பினால், வேலையை விட்டுவிட்டு டூரிஸ்டுகளுக்குக் கொக்கு காட்டிப் பிழைக்கிறான். கூடவே மத்தில்ட் என்று ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அன்றைக்குத்தான் "இந்த வாசப்படி மிதிக்காதே" என்று சொன்னேன். சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை.

இப்போது ஏன் வந்தேன் என்றால், சௌந்தரத்துக்காக. என் மனைவி போய் ஒரு வருஷம் ஆகிறது. பெற்றவள் சாவுக்கு இவன் வரவில்லை. ஆடி அமாவாசைக்காவது இவன் கையால் எள்ளும் தண்ணீரும் விழ வேண்டும். ஆறும் கடலும் கலக்கிற இடத்தில் கொடுத்தால் இன்னும் விசேஷம். என் மச்சான் கலியமூர்த்தி, அதாவது சௌந்தரத்தின் அண்ணன், சொல்லித்தான் டிக்கெட்டே எடுத்தேன்.

ஜூலை 23, செவ்வாய்

இன்று அவன் படகில் என்னையும் ஏற்றிக்கொண்டான். பன்னிரண்டு வெள்ளைக்காரர்கள், நான் ஒருவன்.

இதை ஆறு என்றால் நம்புவது கஷ்டம். அக்கரை வெறும் கோடாகத் தெரிகிறது. தண்ணீர் நன்றாகப் பால் ஊற்றிய டீயின் நிறம். கரையோரம் முழுக்க, நீளக் கால்களை ஊன்றிக்கொண்டு மரக் குடிசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு சதுர வலை கப்பியில் தொங்குகிறது. இறக்குவார்கள், பத்து நிமிஷம் கழித்து ஏற்றுவார்கள், நாலு இறால் துள்ளும். அதற்கு ஒரு குடிசை, ஒரு வலை, ஒரு பாட்டில் வைன், மூன்று ஆட்கள். வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று நினைத்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வேலவன் அவர்கள் பாஷையில் ஏதேதோ பேசினான். எல்லோரும் வாய் பிளந்து கேட்டார்கள். சதுப்பில் உமரிச் செடி கண்டேன், நம் கழிமுகத்தில் மண்டிக் கிடக்குமே அதே செடி. இங்கே அதைப் பறித்து ஊறுகாய் போட்டு பாட்டிலில் விற்கிறார்கள். ஒரு கிழவி கடைசியில் என் கையைப் பிடித்துக் குலுக்கி என்னவோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

"நல்ல புள்ளய பெத்திருக்கீங்களாம்."

"மெர்சி" என்று நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஜூலை 25, வியாழன்

மத்தில்ட் சமைத்தாள். முதலில் வெள்ளை இறால், சோம்பு போட்ட தண்ணீரில் அவித்தது. தோலோடு தின்கிறார்கள். குறை சொல்ல முடியவில்லை. அப்புறம் மீன் குழம்பு. நம்ம ஊர் கத்தாளை மாதிரி ஒரு பெரிய மீன் இந்த முகத்துவாரத்துக்கு வருமாம், தண்ணீருக்குள் உறுமுமாம். அந்தக் காலத்துச் செம்படவர்கள் படகுப் பலகையில் காதை வைத்துக் கேட்டு வலை போட்டார்களாம்.

"மாமா, சாப்பிடு" என்றாள். மரியாதை விகுதி இல்லை. தமிழில் அவளுக்கு மொத்தம் இருபது வார்த்தை இருக்கும், அதற்காக அவள் மேல் கோபித்துப் பயனில்லை.

ஒரு வாய் வைத்தேன். வெந்தயம் முன்னால் பொரித்து, புளி பச்சையாகக் கரைத்து, கடைசியில் வடகம் தாளித்து இறக்கிய குழம்பு. வடகத்தில் பூண்டு தூக்கல். சௌந்தரம் மட்டும்தான் அப்படி உருட்டுவாள். ஒவ்வொரு சித்திரையிலும் மொட்டை மாடியில் நாலு முறம் காய வைப்பாள். இரண்டு பேர் தின்கிற வீட்டில் எதற்கு இவ்வளவு என்று கேட்டால், அக்கம்பக்கம் கேட்பார்கள் என்பாள்.

யார் சொல்லிக் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. இரண்டாம் முறையும் சோறு வாங்கினேன்.

ஜூலை 28, ஞாயிறு

பக்கத்து ஊர் தால்மோனுக்குக் கூட்டிப் போனான். குன்றின் நுனியில் எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷத்துக் கல் கோயில். முன்பக்கத்தில் ஒரு துண்டு ஆற்றில் சரிந்து விழுந்துவிட்டதாம், மிச்சத்துக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். சந்து சந்தாக வெள்ளைச் சுவர், சுவரோரம் ஆள் உயரத்துக்குச் செம்பருத்தி ஜாதியில் ஏதோ பூ.

கோயிலை ஒட்டிக் கல்லறை. கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்கும் சிலுவை நட்டிருக்கிறார்கள் என்றான். எலும்பு இல்லாத இடத்துக்கு எதற்குச் சிலுவை என்று கேட்டேன்.

"வந்து நிக்க ஒரு எடம் வேணும்லப்பா."

குத்திக் காட்டுகிறானா, சும்மா சொல்கிறானா, தெரியவில்லை. மத்தியானம் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தான், தின்றேன்.

ஜூலை 29, திங்கள்

மழை. ஆஸ்பத்திரியைப் பற்றி அவன் இதுவரை ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிற வரைக்கும் நல்லது.

ஆகஸ்ட் 1, வியாழன்

மத்தில்ட் கேட்டுவிட்டாள். வேலவன் படகில் போயிருந்தான். போனில் மொழிபெயர்ப்பு வைத்து நீட்டினாள்: "அம்மா எத்தனை நாள் மருத்துவமனையில் இருந்தார்?" பத்தொன்பது என்று விரல் காட்டினேன். அடுத்தது: "எந்த நாளில் வேலவனுக்குத் தெரிவித்தீர்கள்?"

கண்ணாடி எடுத்து வரவில்லை என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

இந்தக் கேள்வியில் என்ன நியாயம்? மனைவி மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடக்கிறாள், மருந்துக்கும் ரத்தத்துக்கும் நான் ஓடிக்கொண்டிருக்கிறேன், அப்போது யார் எவனுக்குப் போன் பண்ணுவது? அவள் கேட்டாள்தான், இல்லையென்று சொல்லவில்லை. "வேலுவுக்குச் சொன்னீங்களா?" என்று தினம் கேட்டாள். சொல்லிவிட்டேன், லீவு கிடைக்கவில்லையாம் என்றேன். அவள் மனசு ஆறட்டும் என்றுதான். ஊரார் கேட்டபோதும் அதையேதான் சொல்ல வேண்டியிருந்தது. ஆளுக்கொரு கதை சொல்ல முடியுமா? காரியம் எல்லாம் முடிந்து நாலாம் நாள் அவனுக்கு வாட்ஸ்அப்பில் தெரிவித்தேன். தெரிவிக்காமல் விட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.

அவனாக விசாரித்திருக்கலாம். ஏழு வருஷம் ஒரு போன் இல்லை. நான் எடுத்திருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 3, சனி

நாளைக்கு அமாவாசை. பஞ்சாங்கத்தை மேஜையில் விரித்தேன். அவனும் ஒரு புத்தகத்தை விரித்தான். கடல் தண்ணீரின் ஏற்ற வற்றம் என்றைக்கு எத்தனை மணிக்கு என்று அச்சடித்த புத்தகம். இரண்டுமே சந்திரனைப் பார்த்துப் போட்ட கணக்குதான், ஆனால் ஒன்றுக்கொன்று ஜென்மப் பகை.

நான் சொன்னேன், காலையில் ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள்.

"அந்த நேரத்துல இங்க தண்ணியே இருக்காதுப்பா. அமாவாசை வத்தம். அரை கிலோமீட்டர் சேறு. காலையில அஞ்சு மணிக்கு நெறைய தண்ணி இருக்கும், அப்ப குடுத்துடலாமா?"

"சூரியன் ஏறாம எவன்டா தர்ப்பணம் குடுப்பான்?"

"அப்ப சாயந்தரம் அஞ்சரைக்கு. கரை தொட்டுத் தண்ணி நிக்கும்."

"ஞாயித்துக்கிழமை நாலரையிலேர்ந்து ஆறு ராகு காலம். அமாவாசையும் அதுக்குள்ள தாண்டிடும். பெத்தவளுக்குச் செய்யறதுக்கு ராகு காலந்தான் கெடைச்சுதா உனக்கு?"

"ஆத்துக்கு ராகு காலம் தெரியாதுப்பா."

செய்ய மனசில்லாதவனுக்குச் சாக்கு ஆயிரம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆறே கோணல் என்கிறான் இவன். நாளைக்கு நானே போகிறேன். கொள்ளி வைத்த கைக்கு எள் இறைக்கத் தெரியாதா?

ஆகஸ்ட் 4, ஞாயிறு, ஆடி அமாவாசை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பதரைக்கு வேட்டி கட்டிக்கொண்டு, எள்ளும் தர்ப்பையும் பித்தளைச் சொம்புமாக, யாரிடமும் சொல்லாமல் இறங்கினேன். அவன் சொன்னது பொய்யில்லை. நேற்று தண்ணீர் நின்ற இடமெல்லாம் சேறு. வெயில் பட்டுப் பளபளவென்று கிடந்தது. தண்ணீர் தூரத்தில் ஓடியது. முன்வைத்த காலைப் பின்வைப்பதா என்று நடந்தேன். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால். இருபது அடிக்கு மேல் இடது கால் தொடை வரை போய்விட்டது. இழுத்தால் வலது கால் போகிறது. எத்தனையோ கம்பத்தில் ஏறியவன், உயிர் போகும் கரண்டில் வேலை பார்த்தவன், ஒரு சேற்றில் சொம்போடு நிற்கிறேன்.

குரல் கொடுத்தேன். எத்தனை நேரம் ஆனது என்று தெரியாது. மத்தில்ட்தான் முதலில் பார்த்தாள். வேலவன் இரண்டு அகலப் பலகையும் ஒரு வாளியும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். ஒரு பலகை மேல் படுத்து, இன்னொன்றைத் தள்ளி, நகர்ந்து நகர்ந்து பக்கத்தில் வந்தான்.

"அசையாதீங்க. நெஞ்சைப் பலகை மேல சாய்ச்சுப் படுங்க. பதினொன்னுக்கு மேல தண்ணி திரும்பிடும், அதுக்குள்ள எடுத்துரலாம்."

படுத்தேன். என் காலைச் சுற்றிக் கையால் தோண்டினான். வாளித் தண்ணீரைக் கால் ஓரமாக ஊற்றினான். ஊற்றினால்தான் சேறு பிடி விடுமாம். ஒரு விரற்கடை வந்தால் இரண்டு விரற்கடை உள்ளே போனது. வலியும் அவமானமுமாக எனக்கு வாய் அடங்கவில்லை.

"பெத்தவ சாவுக்குத்தான் வரல. திதிக்காவது ஒழுங்கா நேரத்துக்கு வந்திருந்தா எனக்கு இந்தக் கதி வருமாடா?"

அவன் கை நின்றது.

"யாருப்பா வரல?"

நான் முகத்தைப் பலகையில் அழுத்திக்கொண்டேன்.

"வசந்தி சிஸ்டர் தெரியுமா உங்களுக்கு? அம்மா வார்டுல. தெனம் அவங்க போன்லதான் அம்மா என்கிட்ட பேசுவாங்க. ஏழு வருஷமா பேசிக்கிட்டுத்தான் இருந்தோம். நீங்க மின்துறை சங்கக் கூட்டத்துக்குப் போற செவ்வாய்க்கிழமை எல்லாம். மத்தில்டுக்குக் கொழம்பு வெக்கக் கத்துக்குடுத்ததே அம்மாதான்."

மறுபடியும் தோண்ட ஆரம்பித்தான். தோண்டிக்கொண்டே பேசினான், குரல் உயரவே இல்லை.

"எனக்கு லீவு இல்லன்னு நீங்க அம்மாகிட்ட சொன்னீங்கல்ல, அப்ப நான் லைன்ல இருந்தேன். போன் தலகாணிக்கு அடியில இருந்துச்சு. நீங்க வெளிய போனதும் அம்மா எடுத்து, 'வேலு, நீ வந்துராதடா. நீ வந்து நின்னா, அவர் சொன்னது பொய்யின்னு எனக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு அவருக்குத் தெரிஞ்சிரும். தாங்க மாட்டாரு'ன்னாங்க. வரேன் வரேன்னு நானும், வேணாம் வேணாம்னு அவங்களும். பத்தொன்பது நாள்."

எனக்கு அப்போது சேறு இன்னும் கொஞ்சம் இழுத்தால் தேவலை என்று இருந்தது.

"வியாழக்கிழமை சிஸ்டர் அழுதுகிட்டே போன் பண்ணாங்க. கெளம்பிட்டேன். சனிக்கிழமை காலையில நம்ம தெருமுனை டீக்கடையில நிக்கறேன். தாடியில டீக்கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரியல. 'பிரான்சுல ஒரு புள்ள இருக்கானாம் சார், லீவு இல்லன்னுட்டானாம், அந்த மனுஷன் தனியாளா கொள்ளி வெச்சாரு'ன்னாரு. டீயைக் குடிச்சேன். உள்ள வந்திருக்கலாம். வந்தா அந்தத் தெரு முன்னாடி நீங்க என்னாவீங்க? பொண்டாட்டிய எரிச்சுட்டு நிக்கற ஆளு. அம்மா வேற சொல்லியிருந்தாங்க."

"பொய் சொல்ற" என்றேன். வேறென்ன சொல்வது?

"அரியாங்குப்பம் முகத்துவாரத்துல சாம்பல் கரைச்சீங்க. நான் படகுங்களுக்குப் பின்னாடி நின்னேன். மூணு தடவ முங்குனீங்க. மூணாவது முங்குல வேட்டி அவுந்து அலையோட போச்சு. மாமா துண்டைக் குடுத்து மறைச்சாரு. எந்திரிச்சு நின்னு வாயில கையை வெச்சுக்கிட்டு அழுதீங்க."

அது கலியமூர்த்திக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம். நாங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

கால் வந்துவிட்டது. செருப்பு வரவில்லை, சொம்பும் வரவில்லை. பலகையில் படுக்க வைத்துப் பிணத்தைப் போல இழுத்துக்கொண்டு வந்தான். கரையில் மத்தில்ட் துண்டோடு நின்றாள். எங்களுக்குப் பின்னால் தண்ணீர் திரும்பி வர ஆரம்பித்திருந்தது.

சாயந்தரம் அஞ்சரைக்கு வலைக் குடிசைப் படியில் இறங்கி நின்று அவன் எள் இறைத்தான். தண்ணீர் கடைசிப் படிவரை நிறைந்து நின்றது. மந்திரம் எல்லாம் சரியாகச் சொன்னான். ஒவ்வொரு அமாவாசைக்கும் கொடுக்கிறானாம், ஒரு வருஷமாக. ராகு காலம். நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

எழுத ஒன்றுமில்லை. அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் என் முகத்தைப் பார்த்து, "சரி, பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ" என்றாளே. தெரிந்துகொண்டே சொல்லியிருக்கிறாள். நான் பொய்யனாகத்தான் அவளுக்கு வாயில் கஞ்சி ஊற்றியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 7, புதன்

நாளை பயணம். மத்தில்ட் அவித்த இறாலைக் கட்டிக் கொடுக்கப் பார்த்தாள், விமானத்தில் விட மாட்டார்கள் என்று தடுத்தேன். உமரி ஊறுகாய் ஒரு பாட்டில் வைத்திருக்கிறாள்.

வேலவன் பெட்டியைக் கட்டிக்கொண்டே சொன்னான்.

"ஒன்னே ஒன்னு கேக்கறேன்ப்பா. மாமாகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க. ஊரெல்லாம் வேணாம், மாமாகிட்ட சொன்னாப் போதும், தெருவுக்கு அவரே சொல்லிடுவாரு. எனக்கு அம்மா இருந்த வீட்டை ஒரு தடவ பாக்கணும். அந்த அடுப்படியில நிக்கணும். பெத்தவ சாவுக்கு வராதவன்னு பேரோட அந்தத் தெருவுல என்னால நடக்க முடியாது."

"சொல்றேன்" என்றேன்.

"நிஜமாவா?"

"சொல்றேன்டா."

மன்னிப்பு என்ற வார்த்தையை நானும் கேட்கவில்லை, அவனும் கொடுக்கவில்லை. எனக்கு வேண்டும் போலத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு. புதுச்சேரி

கலியமூர்த்தி காலையிலேயே வந்துவிட்டார், சம்சாரத்தையும் கூட்டிக்கொண்டு.

"என்ன மாப்ளே, காரியம் முடிஞ்சுதா? கல் நெஞ்சுக்காரன் எள் இறைச்சானா?"

இதற்குமேல் தள்ளிப் போட்டால் சொல்லவே மாட்டேன் என்று தெரியும். உட்கார வைத்தேன். முதலிலிருந்து சொன்னேன். நான்தான் அவனுக்குச் சொல்லவில்லை, லீவு இல்லை என்றது என் கட்டுக்கதை, அவன் வந்தான், முகத்துவாரத்தில் படகுக்குப் பின்னால் நின்றான், எல்லாம்.

அவர் என்னையே பார்த்தார். கண் கலங்கியது. அப்பாடா, நம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

"பெத்த மனசு பித்துன்னு சும்மாவா சொன்னாங்க. புள்ள பேரு கெடக்கூடாதுன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கறீங்க பாருங்க. உங்களை மாதிரி ஒரு அப்பன் கெடைக்க அவன் குடுத்து வெச்சிருக்கணும்."

"இல்ல மச்சான், சத்தியமா. என் வேட்டி அவுந்ததைக் கூடச் சொன்னான்."

"நீங்க சொல்லாம அவனுக்கு எப்படித் தெரியும்? எங்கிட்டயே மறைக்கறீங்களே மாப்ளே. பத்தொன்பது நாளு ஆஸ்பத்திரி வராந்தாவுல நீங்க நாயாக் கெடந்ததை இந்தக் கண்ணால பாத்தவன் நான். நீங்களா புள்ளைக்குச் சொல்லாம இருப்பீங்க?"

அவர் சம்சாரம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அண்ணன் மாதிரி மனுஷன் இந்தக் காலத்துல யாருங்க? அந்தப் பையன்தான் அங்க வெச்சு என்னவோ பேசி மனசைக் கரைச்சுட்டான்."

இரண்டாம் தடவையும் சொன்னேன். கலியமூர்த்தி எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். தெருவில் எல்லோருக்கும் சொல்லப் போகிறாராம், இப்படியும் ஒரு தகப்பன் என்று. மூன்றாம் தடவை சொல்ல வாயெடுத்தேன். அவர் கை சூடாக இருந்தது. ஒரு வருஷமாக என் கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. சும்மா இருந்துவிட்டேன்.

அவர்கள் போன பிறகு போனைப் பார்த்தேன். வேலவன்: "சொன்னீங்களாப்பா?"

"சொன்னேன்" என்று எழுதினேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"மாமா என்ன சொன்னாரு?"

"என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாரு."

ஒன்றும் பொய்யில்லை.

அப்புறம் வந்தது: "தேங்க்ஸ்ப்பா. பொங்கலுக்கு நாங்க ரெண்டு பேரும் வரோம். இன்னைக்கே டிக்கெட் போடறேன். தெருமுனையில எறங்கி நடந்தே வரேன்."

வா என்று எழுதினேன்.